முனியப்பன் பூட்டு

நவமணிக்கு வலிப்பு வரக் கூடாதென்று வேண்டிக்கொண்டு முனியப்பன் கோயில் வேலில் பூட்டுப் போட்டவன் அவள் புருஷன் செங்கோடன். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டே திரிந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் அவள் தலை நிறைய ஒயர்களை ஒட்டி, எதிரே கேமராவை வைத்து, மாத்திரையையும் நிறுத்திவிட்டு, எல்லோரும் அந்த வலிப்புக்காகத்தான் காத்திருந்தார்கள். வந்தால்தான் மூளையில் எந்த இடமென்று தெரியுமாம். வந்ததும் அழுத்தச் சொல்லி அவன் கையில் ஒரு பட்டனைக் கொடுத்திருந்தார்கள். கல்யாண வீடென்றும் கடைவீதியென்றும் பாராமல் வந்த சனியன், கூப்பிடும்போது எட்டிப் பார்க்கவில்லை.

“ஏனுங்க, நீங்கதான் பூட்டி வெச்சிருக்கீங்க,” என்றாள் நவமணி, சிரிக்காமல். “தொறந்து உடச் சொல்லி சாமிகிட்டக் கேளுங்க.”

எந்த வாயால் கேட்பது? சாவியை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காற்றில் ஒரு திருகு திருகினான்.

கண்ணைத் திறந்தபோது அவள் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியிருந்தது. தாங்கிப் பிடிக்கப் பாய்ந்தான்.

“பட்டனை அழுத்திட்டுத் தள்ளி நில்லுங்கண்ணா, கேமராவை மறைக்காதீங்க,” என்று ஓடிவந்த நர்ஸ் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

தள்ளி நின்றான். அழுத்தினான். போதும் முனியப்பா என்று சாவியை மறுபக்கம் திருகப் போனவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பூட்டை அவன் கட்டைவிரலால் அழுத்தித்தான் பூட்டினான். சாவி திறக்க மட்டும்தான்.

“ஒருக்கா அழுத்துனாப் போதுங்கண்ணா,” என்றாள் நர்ஸ்.

அவன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தான்.