அண்ணனுக்கு வந்த உத்தரவு

“உங்க அண்ணன் சீட்டு போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்வாராம்.”

மனைவி சொன்னதைக் கேட்டுத் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். டயாலிசிஸ் மெஷினில் அவன் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு எட்டு மாதம் ஆகிறது. அண்ணனுடையது கச்சிதமாகப் பொருந்துகிறது, தள்ளிப்போட நேரமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம்.

அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக். எந்த இன்ஜினாக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். சொந்த விஷயம் என்றால் மட்டும் ‘சரி’, ‘வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு எழுதி, மடித்து, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார். வந்தது வந்ததுதான், மறுசீட்டு கிடையாது. ஃப்ரிட்ஜ் வாங்க ‘வேண்டாம்’ என்று வந்ததால் அந்த வீட்டில் பதினோரு வருஷமாகப் பால் திரிந்துகொண்டிருக்கிறது. அண்ணியின் புலம்பலுக்குச் சாமியே அசையவில்லை, அண்ணனா அசைவார்? ரத்தப் பரிசோதனைக்குக்கூடச் சீட்டில் ‘சரி’ வந்த பிறகுதான் கையை நீட்டினார்.

சாயங்காலம் அண்ணன் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பிக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. சுற்றி வளைக்காமல் கேட்டான்.

“அண்ணே, வேண்டாம்னு வந்தா என்னைச் சாக விட்டுடுவியா?”

“விடறதுக்கு நான் யாருடா? அவர் சொன்னா அது சரி. வேண்டாம்னா அது தப்பு. அவ்வளவுதான்.”

“நல்லது எப்பவும் நல்லதுதானே? அதுக்கு எதுக்கு ஒரு உத்தரவு?”

உத்தரவு இல்லாமல் ஆளாளுக்கு நல்லது செய்யக் கிளம்பினால் உலகம் என்னத்துக்கு ஆகும் என்றார் அண்ணன். தம்பிக்குப் பயமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். காலையில் குளித்துவிட்டுச் சீட்டு எடுப்பதாகச் சொல்லி அண்ணன் எழுந்து போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னாள். மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். போயும் போயும் ஒரு துண்டுக் காகிதம் தன் உயிரைக் காப்பாற்றிவிட்டதே என்று தம்பிக்குக் கூச்சமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று இருவரையும் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து தியேட்டர் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இருவருக்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே தொப்பி. அண்ணனைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி இருந்தது.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். இத்தனை வருஷம் கிண்டல் செய்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

“நான் தோத்துட்டேன் அண்ணே. உன் சாமிக்கு என் பேரைச் சொல்லி ஒரு நன்றி சொல்லிடு.”

அண்ணன் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

“அதெல்லாம் வேணாம்டா. அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நான் அவர்கிட்ட அப்புறமா பேசிக்கறேன்.”