வீட்டில் கூப்பிடும் பெயர்

“இண்டைக்கும் உள்ள விடேல்லையோ?” என்று கேட்டார் ஹிஸ்புல்லா.

அவர் கேட்டது துறைமுக வாசற் காவலரணைப் பற்றி அல்ல, கணினியைப் பற்றி. “இல்லை நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடியே.

அது 2007ஆம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த அந்தக் கப்பல் முகவர் நிலையத்தில் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு ஹிஸ்புல்லா. அங்கே ஆளாளுக்கு விரும்பிய பயனர் பெயரை வைத்திருந்தார்கள். காசாளர் அருளம்பலத்தின் பெயர் ‘டைகர்’. கேட்டால், வீட்டு நாயின் பெயராம். அதைக் கண்டு பதறிப்போன கொழும்புத் தலைமையகம், இனி எல்லோருக்கும் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் என்று கட்டளை போட்டுவிட்டது.

எல்லோரும் மாறிவிட்டார்கள், அருளம்பலம்கூட. இவள் மட்டும் தினமும் பழைய ‘கமலா’வைத் தட்டிவிட்டு, உள்ளே போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சரக்குப் பட்டியல் பிந்திப் போகும். கொழும்பிலிருந்து வரும் ஏச்செல்லாம் ஹிஸ்புல்லாவுக்கு.

“புஸ்பராணி.”

அவள் திரும்பவில்லை. மறுபடி உரத்துக் கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தாள்.

“காதும் கேக்கிறல்லையா? கமலா எண்டது யாருட பேர்?”

“வீட்டில கூப்பிடுற பேர், நானா. எனக்கு மட்டும் அதையே விட்டுத் தாங்கோவன்.”

“ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. செல்லப் பேரெல்லாம் வைக்க ஏலா.”

அவர் அலுமாரியைத் திறந்து, அவளுடைய கோப்பிலிருந்த ‘ஐசி’ என்ற அடையாள அட்டையின் நகலை எடுத்து மேசையில் போட்டார்.

“வாசிங்க. சோமசேகரம் புஸ்பராணி. இதில என்ன கஷ்டம்? சின்னப் புள்ளையும் தன்ட பேரை மறக்காது. நாளைக்கும் இப்பிடியெண்டா நான் கொழும்புக்கு எழுதிப் போடுவன். ஐசியோட வரச் சொல்லி அவங்களே விசாரிக்கட்டும்.”

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எழுதிப் போடாதீங்கோ, நானா. கும்பிட்டுக் கேக்கிறன்.”

“அப்ப உங்கட பேரை ஒழுங்கா அடிச்சுப் பழகுங்களன்.”

“என்ர பேரைத்தான் நானா அடிக்கிறனான். சண்டைக்குள்ள ஈச்சிலம்பற்றால ஓடி வரேக்க என்ர ஐசி துலைஞ்சு போச்சு. ஐசி இல்லாம ஒரு ஆமிச் சென்றியும் தாண்ட ஏலாது.”

ஹிஸ்புல்லா நகலிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதே நெற்றி, அதே மூக்கு.

“அப்ப, இந்த ஐசி?”

“வழியில ஷெல் பட்டுச் செத்த என்ர அக்காவின்ர.”