எதுக்குப் போனாங்க?

"நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறீங்களா, இல்ல பட்டாளத்தக் கேவலப்படுத்துறீங்களா?"

அழகுபாண்டியின் குரல் தலைமையாசிரியர் அறையைத் தாண்டி வராந்தா முழுக்கக் கேட்டது. தண்ணீர் பிடிக்க வந்த பிள்ளைகள் பாட்டிலை மூடக்கூட மறந்து நின்றார்கள்.

ஆனிமேரி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நின்றே பாடம் நடத்தியதில் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அறையில் நாற்காலி இருந்தது. உட்காருங்கள் என்றுதான் யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள் பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் பாடம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் தாண்டிப் போனார்கள் என்று வாசித்துவிட்டு, வழக்கம்போல அடுத்த பத்திக்குப் போகப் பார்த்தார் டீச்சர். சத்யப்ரியா எழுந்தாள்.

"வெள்ளக்காரன் சண்டைக்கு நம்ம ஆளுங்க எதுக்கு டீச்சர் போனாங்க?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். கரண்ட் இல்லை. சுற்றி வளைத்துப் பேச டீச்சருக்குத் தெம்பும் இல்லை.

"பசிக்குத்தாம்மா போனாங்க. மழை இல்ல, வெள்ளாமை இல்ல. பட்டாளத்துல சேந்தா வயித்துக்குச் சோறு, வீட்டுக்குச் சம்பளம். நெறையப் பேரு அதுக்குத்தான் போனாங்க. போன எடத்துல எதிரி யாருன்னுகூடத் தெரியாம செத்தாங்க."

சத்யப்ரியா இதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் அப்பாதான் அழகுபாண்டி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒத்தக்கடையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. குடியரசு தினத்துக்குப் பள்ளியில் கொடி ஏற்றுவது அவர்தான். சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து வீரத்தைப் பற்றி அவர் பேசினால், கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆகும்.

"பசிக்குப் போனாங்களாம்ல! பட்டாளத்துக்காரன் என்ன சார், சோத்துக்குச் செத்தவனா? பனியில வெரலு மரத்துப் போயி நின்னவன் நான். பசிக்கா நின்னேன்?"

தலைமையாசிரியர் கிறிஸ்துராஜ் காலில் விழாத குறை.

"அண்ணே, கோவப்படாதீங்க. டீச்சர் அந்த அர்த்தத்துல சொல்லியிருக்க மாட்டாங்க." பிறகு டீச்சர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மன்னிப்புக் கேட்டு முடிங்க டீச்சர். நாளைக்கு அதே கிளாஸ்ல மாத்திச் சொல்லிருங்க. செல்லுல எவனாச்சும் எடுத்துப் போட்டான்னா, ஸ்கூல் பேரு நாறிப்போகும்."

டீச்சருக்குப் பதில் இருந்தது. பசிக்காகப் போவது கேவலம் இல்லை. பசித்தவனை அடுத்தவன் சண்டையில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் கேவலம். இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிற வீட்டுக்காரருக்குப் போய்க் கஞ்சி கொடுக்க வேண்டும்.

"தப்பாச் சொல்லிட்டேன் சார். மன்னிச்சிருங்க."

மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார்.

"முந்தாநாள் டீச்சர் சொன்னது தப்பு. நம்ம ஆளுங்க வீரத்துக்காகத்தான் போனாங்க. எழுதிக்கோங்க."

எல்லோரும் குனிந்து எழுதினார்கள். சத்யப்ரியா மட்டும் எழுதாமல் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே அழிப்பதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் அழித்தார்.

சாயந்திரம் மாட்டுத்தாவணி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது, பக்கத்தில் ஒரு புல்லட் வந்து நின்றது. அழகுபாண்டி.

டீச்சர்தான் முதலில் பேசினார்.

"இன்னும் என்ன சார்? நீங்க சொன்ன மாதிரியே மாத்திச் சொல்லிட்டேன். வேணும்னா உங்க பிள்ளையக் கேட்டுப் பாருங்க."

"கேட்டேன் டீச்சர். பாப்பா சொல்லுச்சு."

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். நேற்று வராந்தாவை நிறைத்த குரலைக் காணோம்.

"மூத்தவன் சூரியபிரகாஷ் இங்கதான பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கும் நீங்கதான ஹிஸ்டரி?"

"ஆமா. அவன் என்ன சொன்னான்?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. பரீட்சை முடிஞ்சதும் பட்டாளத்துக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். விடியங்காட்டியும் எந்திரிச்சு ஓடுறான். அவங்க அம்மா சோறு எறங்காமக் கெடக்குறா."

"பெருமைதான சார். அப்பாவப் பாத்து வளந்த பிள்ளை."

மேலூர்ப் பக்கமிருந்து கல் ஏற்றி வந்த லாரி ஒன்று புழுதி கிளப்பிக் கடந்து போகும்வரை அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நான் பட்டாளத்துல சேந்த வருசம் எங்க கெணறு வத்திக் கெடந்துச்சு டீச்சர். எனக்குக் கீழ மூணு தங்கச்சி. வீட்ல அடுப்பு எரியல." பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இம்புட்டு வருசம் மைக்கப் பிடிச்சு வீரம் வீரம்னு பேசிட்டு, இப்பப் போயிச் சொன்னா எம்மகனே நம்ப மாட்டான்."

மாட்டுத்தாவணி பஸ் வந்து நின்றது. டீச்சர் கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைத்தார். அழகுபாண்டி நெருங்கி வந்து, யார் காதிலும் விழாத குரலில் சொன்னார்.

"அவன் கிளாஸ்ல மட்டும் மொதல்ல சொன்னதயே சொல்லுங்க டீச்சர்."