அமைச்சரின் தமிழ்க் குரல்

கண்ணாடி அறைக்குள் இருந்தபடி அவள் அமைச்சராகப் பேசிக்கொண்டிருந்தாள்.

கீழே சபையில் அவர் சிங்களத்தில் பேசுகிறார். இரண்டு விநாடி கழித்து அதுவே அவளுடைய வாயால் தமிழில் வருகிறது. அவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’. உரைபெயர்ப்பாளருக்கு அதுதான் விதி. ‘அமைச்சர் சொல்கிறார்’ என்று இடையில் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது.

உர மானியம் முடிந்தது. மின் கட்டணம் முடிந்தது. சுற்றுலாவைப் பற்றிச் சொன்னபோது மனிதர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நல்ல வேளை, சிரிப்பை மொழிபெயர்க்கச் சொல்லி விதியில் இல்லை.

பிறகு தாளைப் புரட்டினார்.

காணாமல் ஆக்கப்பட்டோர்.

பக்கத்தில் இருந்த பரீனா அவளைப் பார்த்தாள். அந்த அறையில் எப்போதும் இரண்டு பேர். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். பரீனாவுக்கு அவளுடைய தம்பி நிமலனைப் பற்றித் தெரியும். தன் ஒலிவாங்கியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, நான் பேசட்டுமா என்று கண்ணால் கேட்டாள்.

வெள்ளவத்தை வீட்டில் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாள். சபை கூடும் நாளெல்லாம் அங்கேதான். அரசியல் கேட்க இல்லை, தமிழ் ஒளிபரப்பில் மகளின் குரலைக் கேட்க.

போர் முடிந்தபோது நிமலனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தது அம்மாதான். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அவனுக்கு அப்போது இருபது வயது. பதினைந்து வருடமாயிற்று.

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்த கிராம அலுவலரை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். சபையில் எவராவது இந்தப் பேச்சை எடுத்தால், உன்ர வாய் அழுகிப் போக என்று தொலைக்காட்சியைத் திட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவாள். அத்தோடு நிமலன் மறுபடி உயிரோடு இருப்பான். அந்தப் பேச்சுகள் இதுவரை வேறு குரல்களில்தான் வந்திருந்தன.

இதையும் அம்மா யாரோ ஒருத்தியின் குரலில் கேட்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. என் வாயால் வந்தால் கொஞ்சமாவது மெதுவாக வரும்.

பரீனாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அமைச்சர் மேசையில் தட்டினார். குரலை உயர்த்தினார்.

அவள் உயர்த்தவில்லை.

“எந்த முகாமிலும் எவரும் இல்லை. நான் பொறுப்போடு சொல்கிறேன். அவர்கள் உயிரோடு இல்லை. தாய்மார் இனிக் காத்திருக்க வேண்டாம்.”

காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி பருக்குவதுபோலச் சொன்னாள். ஒரு சொல்லும் தவறவில்லை. குரல் நடுங்கவும் இல்லை. கொஞ்சம் நடுங்கியிருக்கலாம் என்று பிறகுதான் நினைத்தாள்.

பரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமைச்சர் துறைமுக அபிவிருத்திக்குப் போய்விட்டார். அவளும் பின்னாலேயே போனாள். வேறு என்ன செய்வது?

மாலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது.

அம்மா தலை முழுகியிருந்தாள்.

சுவரில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி. அதில் நிமலனின் பள்ளிக்கூடப் படம். கீழே விளக்கு எரிந்தது.

அது நான் சொன்னதில்லை அம்மா, அந்த ஆள் சொன்னது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். நாள் முழுக்கப் பேசிய வாய்.

அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. பஞ்சாங்கத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“எல்லாம் சொன்னனி, பிள்ளை. எந்தத் திதியெண்டு மட்டும் சொல்லேல்லையே.”