பக்கத்தில் அப்பா

“கிளட்சை முழுசா அமுக்கு. இப்போ ஃபர்ஸ்ட் போடு. பதறாதே, மெதுவா விடு.”

மானசா மெதுவாக விட்டாள். வண்டி ஒருமுறை குலுங்கிவிட்டு, அணைந்துபோகாமல் நகர்ந்தது. பக்கத்து சீட்டில் ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்த ஜகந்நாதன், “சபாஷ்” என்றார்.

அப்பாவின் வாயிலிருந்து அவள் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்றுகூட அவர் “ம்” என்றதோடு சரி.

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றியிருந்த தெருக்களில் காலை நடைக்கு வந்தவர்களைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. பின் சீட்டில் அம்மா விசாலாக்ஷி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் காரைத் தொட விடும்படி மானசா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “லோக்கல் டிரெயின்ல போறவளுக்குக் கார் எதுக்கு?” என்பார் ஜகந்நாதன். அவளைவிட ஒரு வயது இளைய தம்பி நகுல் கேட்காமலே சாவி அவன் கைக்குப் போயிருந்தது. “ஆம்பளப் பையன், தானே கத்துப்பான்.”

பதினெட்டு முடிந்ததும் அவளே போய் லேர்னர்ஸ் லைசென்ஸ் வாங்கினாள். சைஃப் பாயின் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டவும் பழகினாள். அது தெரிந்து ஜகந்நாதன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவர் இன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து எழுப்பினார்.

“மானு, ஏந்திரு. லேர்னர்ஸை எங்கே வெச்சிருக்கே? எடுத்துண்டு வா. நான் சொல்லித் தரேன்.”

ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். கீழே இறங்கிப் பார்த்தால், காரின் முன்னும் பின்னும் சிவப்பு டேப்பில் எல் எழுத்து. அவரே வெட்டி ஒட்டியிருந்தார். மானசா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நகுல் வரலையாம்மா?”

“அவனுக்கு ஜுரம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து படுத்துண்டிருக்கான்” என்றாள் விசாலாக்ஷி அவசரமாக.

“அந்த மூலையில லெஃப்ட் எடு. செகண்டுக்கு வா” என்றார் ஜகந்நாதன். எடுத்தாள். “இன்னொரு தடவை.” மறுபடி சுற்றிக்கொண்டு வந்து எடுத்தாள். அவர் திரும்பத் திரும்ப அதே மூலைக்குத்தான் கூட்டி வந்தார். ஒவ்வொரு முறையும் அம்மா கண்ணை மூடிக்கொள்வதை மானசா கண்ணாடியில் பார்த்தாள்.

“அரே அம்மா, டென்ஷன் மத் லோ. நான் யாரையும் இடிக்க மாட்டேன்.”

விசாலாக்ஷி தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். ஜகந்நாதன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

“இப்போ நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. வண்டியை எடுத்தது யாரு?”

“நான்.”

“பக்கத்துல?”

“அப்பா. பக்கா லைசென்ஸ் ஹோல்டர்” என்று சிரித்தாள்.

“சிரிக்காதே. எல் போர்டு இருந்ததா?”

“இருக்கே. நீதானே ஒட்டினே?”

“இருந்ததுன்னு சொல்லு.”

“சரி, இருந்தது.”

“திரும்பறச்சே எந்த கியர்?”

“செகண்ட்.”

“ஹாரன் அடிச்சியா?”

“அடிச்சேன். ஆர்டிஓல இவ்வளவெல்லாமா கேப்பா?”

“கேக்கறவா எது வேணும்னாலும் கேப்பா. நீ திக்கக் கூடாது.”

இன்னும் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை அவள் கடகடவென்று ஒப்பித்ததும், அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அவருடைய போன் அடித்தது. கீழே இறங்கிச் சற்றுத் தள்ளி நின்று இந்தியில் பேசினார். மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொன்னது மட்டும் மானசாவின் காதில் விழுந்தது.

“டெஸ்டாப்பா? இன்னிக்கேவா?”

“சல், கிளம்பு. நீயே ஓட்டு. நான் வழி சொல்றேன்.”

கிங்ஸ் சர்க்கிளில் நெரிசல் தொடங்கியிருந்தது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது, மானசா அசரவில்லை. குறுக்கே புகுந்த பைக்குக்காரனுக்கு வழிவிட்டு, சிக்னலில் கோட்டுக்கு முன்பே நிறுத்தி, மறுபடி எடுத்தாள். நகுல் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“இங்கே ரைட்ல. அந்த ரெண்டு ஜீப்புக்கு நடுவுல நிறுத்து.”

ஒரே வீச்சில் நேராக நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவின் பக்கம் திரும்பியவள், அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியே தெரிந்த போர்டைப் படித்தாள்.

“இது போலீஸ் ஸ்டேஷனாச்சே? இங்கே எதுக்குப்பா?”

ஜகந்நாதன் அவளைப் பார்க்கவில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

“நான் சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லு. அதிகமா எதுவும் பேசாதே.”

“யார்கிட்ட? என்னப்பா ஆச்சு?”

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பின்னாலிருந்து விசாலாக்ஷியின் இரண்டு கைகளும் வந்து மானசாவின் தோளை இறுகப் பற்றின.

“நகுலுக்கு இன்னும் பதினெட்டு ஆகலைடி, கண்ணம்மா. நேத்து அந்த மனுஷனை இடிச்சது நீதான்.”