எர்மினியாவின் ஊர்க்காரர்

எர்மினியா தட்டை அம்பலவாணனின் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முதல் வாயை அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று அவளுக்குப் பார்க்க வேண்டும்.

அவன் கடித்தான். சோள ரொட்டி சுடச்சுட இருந்தது. உள்ளே வாட்டிய கோழி, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, மேலே பிழிந்த தேசிக்காய். வேறு எதுவும் இல்லை. தேவையும் இல்லை.

அம்பலவாணனுக்கும் இதே தொழில்தான். லண்டன் நடுவில் ஒரு பெரிய மெக்சிக்கன் உணவகத்தில், ரொட்டிக்குள் சோறும் இறைச்சியும் வைத்துப் பரிட்டோ சுற்றுகிறவன். அந்தக் கம்பனிக்கு ஏழு கிளைகள். அங்கே ரொட்டி உறைந்துபோய்ப் பெட்டியில் வரும். சோஸ் பிளாஸ்டிக் பையோடு கொதிநீரில் இறங்கி ஏறும். சோறு அளவுக் கரண்டியால் விழும். எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி என்று சுவரில் எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை. பசிக்கு அதுவும் நல்ல சாப்பாடுதான்.

இங்கே, எலிபன்ட் அண்ட் காஸில் ரயில் பாலத்தின் கீழே, எர்மினியா மாவை உள்ளங்கையில் தட்டித் தட்டி இரும்புக் கல்லில் போட்டாள். ஒரு ரொட்டி போல இன்னொன்று இல்லை. அவனுக்கு வந்த ரொட்டியின் ஓரம் கருகியிருந்தது. அந்த ஓரத்தைக் கடைசிக்கு வைத்துச் சாப்பிட்டான்.

அவனை அங்கே அனுப்பியவர் அவனுடைய மனேஜர். எர்மினியா கடைக்கு எதிரே ஒரு பெரிய கடை வாடகைக்கு வந்திருந்தது. கம்பனி தன் எட்டாவது கிளையை அதில் திறக்க யோசித்தது. சின்னக் கடைக்குச் சனம் வருகிறதா என்று ஒருவன் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். வருகிறதென்றால் கிளை திறக்கும். திறந்தால் அங்கே தலைமைச் சமையல்காரன் அம்பலவாணன்தான். பிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஷிப்ட் இல்லை. மனோர் பார்க் முருகன் கோயில் பூசைக்குப் போகலாம்.

எர்மினியா ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். அவனுடைய நிறத்தையும் மீசையையும் பார்த்துத் தன்னைப் போல மெக்சிக்கோ ஊர்க்காரன் என்று நினைத்துவிட்டாள். உறைப்புப் போதுமா என்றுதான் கேட்டிருப்பாள். அவன் தலையை இல்லையென்று ஆட்டினான்.

அவள் முகம் மலர்ந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த போத்தலை எடுத்து, கறுத்த மிளகாய்ச் சோஸை அவன் தட்டில் ஊற்றினாள். மூன்று வருடத்தில் அவன் சுற்றிக் கொடுத்த பரிட்டோவைத் தின்ற யாருடைய முகத்தையும் அவன் பார்த்ததில்லை. இவள் பார்க்கிறாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்ததைக் கண்டு கைதட்டினாள்.

பெயரைக் கேட்டாள். வேலையிடத்தில் அவன் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் பெத்ரோ. வாயில் அதுதான் வந்தது.

திங்கட்கிழமை மனேஜரிடம் போனான். சாப்பாடு நல்லது, ஆனால் சனம் இல்லை என்று சொன்னான். மனேஜர் உதட்டைப் பிதுக்கினார். எட்டாவது கிளைப் பேச்சு கொஞ்ச நாளில் அடங்கிப்போயிற்று. அம்பலவாணன் திரும்பவும் பரிட்டோ சுற்றினான்.

அடுத்த ஞாயிறு ஓய்வு. அவனாகவே எர்மினியாவிடம் சாப்பிடப் போனான்.

அவள் அவனைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சுவரோரம் தட்டும் கையுமாக ஒரு பெண் நின்றாள். எர்மினியா இருவரையும் மாறி மாறிக் காட்டி, பெத்ரோ, ரோசா என்றாள். இருவரும் எங்கள் ஊர், கதைத்துக்கொண்டிருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவன் கையிலும் ஒரு தட்டைத் திணித்துவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

அம்பலவாணன் அவசரமாக ஒரு வாய் கடித்தான். இவள் அசல் மெக்சிக்கோக்காரி. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கப்போகிறாள். தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வணக்கத்தைச் சொன்னான்.

"ஓலா."

"ஓலா," என்றாள் அவளும். தட்டைப் பார்த்தபடி வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"மாதாவே, இந்தாள் இனி ஸ்பானிஷிலையெல்லே கதைக்கப்போகுது."

அம்பலவாணன் மென்றதை ஒருவாறு விழுங்கினான்.

"பயப்பிடாதையும். எனக்கும் தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பில் மிளகாய் மூக்குக்கு ஏறி, இருமி, தும்மி, அவன் கொடுத்த கடதாசியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

பெயர் றோஸ்மலர். மன்னார். அதே கம்பனியின் குரோய்டன் கிளையில் வேலை. அவளையும் அவளுடைய மனேஜர் இதே காரியத்துக்குத்தான் அனுப்பியிருந்தார். புதுக் கிளையில் தலைமைச் சமையல்காரி நீதான் என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்.

"அப்ப நீங்கள் போய் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"சனமில்லையெண்டு."

றோஸ்மலர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நானும் அதைத்தான் சொன்னனான்," என்றாள்.

ஒரு பஸ் டிரைவர் மன்னிப்புக் கேட்டபடி இருவருக்கும் நடுவே கையை நுழைத்து உப்புப் போத்தலை எடுத்தார். கடையில் இருந்தது மூன்றே மேசைகள். மூன்றிலும் ஆட்கள் முழங்கை இடிபட உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே மழையில் வரிசை பாலத்தைத் தாண்டி பஸ் தரிப்புவரை நின்றது.

போன முறையும் அம்பலவாணன் நின்றுகொண்டேதான் சாப்பிட்டான். இருக்க இடம் கிடைக்கவில்லை.