முதல் ஓலை

பூசையில் நற்கருணை நன்மை கொடுத்து முடிவதற்குள் அந்தத் தாளை எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் ஓலையில், இன்று மேரி ஷாலினியின் பெயர் இருந்தது. ஜெனித் பைக்கை நட்ட வெயிலில் போட்டுவிட்டு மாதா கோயிலுக்குள் ஓடினான்.

"எங்கடா ஓடுற? நன்மை வரிசை நிக்குதுல்ல?" உபதேசியார் மரிய அருள் கையை நீட்டி மறித்தார்.

"மாமா, இன்னிக்கு ஓலை வாசிக்கக் கூடாது மாமா!"

"ஏன், ஓலையில வர்ற பொண்ணு மேல உனக்கு ஒரு கண்ணா? தடை இருந்தா அப்புறமா ஃபாதர்கிட்ட சொல்லு. இப்ப நில்லு."

தடையா? அந்த ஓலையை அடித்தவனே அவன்தான்!

வெள்ளிக்கிழமை, கோயில் பங்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓலை அச்சடிக்கும் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தான். போட்டதும் எரர். செட்டிங்ஸில் மாதிரிக்கு ஒரு ஜோடியின் பெயர் இருந்தால்தான் ஓடுவேன் என்று அந்தப் புது சாஃப்ட்வேர் அடம்பிடித்தது.

அதோடு யார் மல்லுக்கட்டுவது? ஒரு வருஷமாக மனசில் கிடந்த பெயர்தான் கைக்கு வந்தது. 'மணமகன் ஜெனித், மணமகள் மேரி ஷாலினி' என்று தட்டி, பெற்றோர், ஊர், தெரு எல்லாவற்றுக்கும் வெறும் புள்ளி வைத்தான். சனியன், உடனே ஓடியது. ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினி டீயோடு வரவும், சட்டென்று மூடினான். அழிக்க மறந்தே போனான்.

இன்று காலை அவளிடமிருந்து வாட்ஸ்அப். "இந்த வாரம் புது ஓலை எதுவும் வரல. இருந்தத பிரிண்ட் எடுத்து ஃபாதர்கிட்ட குடுத்துட்டேன்."

புது ஓலை இல்லாவிட்டால் அந்த மாதிரி ஜோடிதான் அச்சாகும். மத்தியானம் சிதம்பரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஊர் முன்னால் அவள் பேர் கெட்டால், இனி அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மைக் கரகரத்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஃபாதருக்கு இங்கே யாரையும் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"தேவனாம்பட்டினம், கடற்கரைத் தெரு, ஞானசேகரன் மகன் ஜெனித். மணமகள், நம் பங்கைச் சேர்ந்த மரியலூர்து, ஆரோக்கிய ராணி இவர்களின் மூத்த மகள் மேரி ஷாலினி. இது முதல் ஓலை. தடை தெரிந்தவர்கள்..."

கோயிலே திரும்பி அவனைப் பார்த்தது. ஜெனித்துக்குக் காது அடைத்தது. அப்பா பேர், அம்மா பேர், தெரு... இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

பூசை முடிந்ததும், முக்காட்டைச் சரிசெய்தபடி ஷாலினி நேராக அவனிடம் வந்தாள்.

"நீங்க புள்ளி வச்ச எடத்தையெல்லாம் நான்தான் ரொப்பினேன்."